மெதுவாகக் கேட்டது

என் தம்பியின் இடது கை முழுசாக நீளாது. முழங்கையில் கொஞ்சம் மடங்கியே நிற்கும். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கும்போது பார்த்தால் தெரியும். யாராவது விசாரித்தால், "சின்ன வயசுல ஃபால்ஸ்ல வுழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவான். அவன் சொல்வது அவ்வளவுதான். எங்கள் அம்மாவைக் கேட்டால் அதற்கு மேல் ஒரு வரி சேர்த்துச் சொல்லுவாள். "அவங்க அப்பாதான் மேல போவச் சொல்லி உட்டாரு." இந்த வரியை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரு முறைகூட மறுத்துப் பேசியதில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. தகரத் தகடுகளை வைத்து அடித்து வண்டிகளுக்கான பாகங்கள் செய்கிற கம்பெனி. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த மிஷின்களுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தார். ஒருநாள் அம்மா சாப்பாடு கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்றதற்கே நெஞ்சுக்குள் திம் திம் என்று அடித்தது. சாப்பாட்டுக் கூடையைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டோம். உள்ளே எட்டு மணி நேரம் நிற்கிற ஆளின் காது என்னவாகும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். நைனாவிடம் எதையும் மெதுவாகக் கேட்டால் கிடைத்துவிடும். சத்தமாகக் கேட்டால் யோசிப்பார், அம்மாவைக் கேள் என்று தள்ளிவிடுவார். அதையே வேறு எங்கோ பார்த்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தால், ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்பார். கணக்குப் பரீட்சையில் முப்பத்தொரு மார்க் வாங்கிய பேப்பரில் அப்படித்தான் கையெழுத்து வாங்கினேன். தோழியின் வீட்டுக்குப் போய் டிவி பார்க்கவும் அப்படித்தான் அனுமதி வாங்கினேன். நான் பணிவாகக் கேட்பதால் மனுஷன் இளகிவிடுகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு சந்தேகம் வந்தது. ஒருநாள் சாயங்காலம் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, "நைனா, ஸ்கூலக் கொளுத்திடட்டா?" என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா" என்றார். நான் பாத்ரூமுக்குள் ஓடி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. சின்னப் பிள்ளை, விவரம் புரியவில்லை என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. நைனாவுக்குக் காது கேட்கவில்லை, அதை வெளியில் காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார் என்று தெளிவாகவே தெரிந்தது. அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வித்தை போய்விடும் என்று சொல்லவில்லை. பதின்மூன்று வயதில் அத்தனை அழுத்தக்காரி நான்.

அந்த வருஷம் காலாண்டு லீவில் அருவிக்குப் போனோம். கோயிலையும் கல்யாணத்தையும் தவிர வேறு எதற்காகவும் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. நைனாவே கிளப்பிய பேச்சு. கம்பெனியில் யாரோ போய்விட்டு வந்து, மழை பெய்து தண்ணீர் நன்றாகக் கொட்டுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திரா பக்கம் காட்டுக்குள் இப்படி நாலைந்து அருவிகள் உண்டு, கோனா என்பார்கள். விடியும்போதே அம்மா புளிசோறு கிளறி, முட்டை அவித்து, மாற்றுத் துணியோடு ஒரு பெரிய கட்டைப் பையில் வைத்துவிட்டாள். ஊத்துக்கோட்டையில் இறங்கி நாஷ்டா முடித்துவிட்டு வேறு பஸ் பிடித்தோம். இறங்கிய இடத்திலிருந்து காட்டுப் பாதையில் அரை மணி நேரம் நடை.

பாதி வழியில் தம்பி நின்றான். மூன்றாம் வகுப்புப் படிக்கிறவன், அதுவரை கால் வலிக்கிறது என்று சிணுங்கிக்கொண்டே வந்தவன், "சத்தம் கேக்குது, சத்தம் கேக்குது" என்று குதிக்க ஆரம்பித்துவிட்டான். எனக்கும் கேட்டது. மரங்களுக்கு அந்தப் பக்கம் ஓயாமல் ஒரு இரைச்சல். பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்ட நைனா, "இன்னும் ரொம்ப தூரம் போவணுமா?" என்று கேட்டார்.

"காதுல வுழுவல? இதோ பக்கத்துலதான்" என்றாள் அம்மா.

நைனா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்ததால் அவரும் சிரித்தார். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, முன்னால் நடந்துவிட்டாள். அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். தம்பியை முந்திக்கொண்டு ஓடினேன்.

அருவி நினைத்ததைவிடச் சின்னது. ஆனால் தண்ணீர் பலமாக விழுந்தது. கீழே முழங்கால் ஆழத்துக்கு ஒரு குட்டை. பக்கவாட்டில் பாறைகளைப் பிடித்து ஏறினால் மேலே இன்னொரு குட்டை, அதில் காலேஜ் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கீழ்க்குட்டையைக் கையால் காட்டினாள். "இங்கதான் குளிக்கணும். மேல ஏறக் கூடாது. பாறையெல்லாம் பாசி." சொல்லிவிட்டு, குரங்குகள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று ஒரு மரத்தடியில் பையை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எனக்கோ மேல்குட்டை மேல்தான் கண். நான் தனியாகப் போனால் தம்பி அழுது ஊரைக் கூட்டுவான், அம்மாவிடம் வத்தி வைப்பான். அவனையும் கூட்டிக்கொண்டு போனால் பிரச்சினை இல்லை. ஆனால் நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தால் யாராவது ஒருவர் சரி என்று சொல்லியிருக்க வேண்டும்.

அப்போது நைனா தம்பியை முன்னால் நிறுத்திக்கொண்டு சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். சின்ன பிளாஸ்டிக் கவரில் மஞ்சள் நிறத்தில் விரல் நுனி அளவு ஸ்பாஞ்சுத் துண்டுகள். பிரஸ் ஷாப்பில் காதில் வைத்துக்கொள்ளக் கொடுப்பது. கவர்கூடப் பிரிக்கவில்லை. நைனா அதை வைத்துக்கொள்வதே இல்லை. மிஷினைச் செட் செய்கிற செட்டர் கூப்பிடுவது கேட்காது, கையை எடுக்கச் சொன்னால் தெரியாது, விரல் போய்விடும் என்பார். எங்கள் காதில் அருவித் தண்ணீர் போய்ச் சீழ் வைக்கக் கூடாது என்று இரண்டு ஜோடி எடுத்து வைத்திருந்திருக்கிறார். ஒவ்வொன்றாக உருட்டி, தம்பியின் காதில் பதமாக நுழைத்தார்.

அவர் குனிந்திருந்தார். நான் பின்னால் நின்று அவர் தோளைத் தொட்டுவிட்டு, அருவியைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டேன். "நைனா, இவன இட்டுகினு மேல போயிட்டு வரட்டா?"

திரும்பி என்னைப் பார்த்தார். எப்போதும்போல ஒரு நொடி.

"சரிம்மா" என்றார். பிறகு என் காதிலும் இரண்டு துண்டுகளை வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய் அருவிக்குள் நின்றார். மேலே ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அம்மா பைக்கு வந்த குரங்கை விரட்டிக்கொண்டிருந்தாள். நைனா தண்ணீர் தலையில் கொட்ட, கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மேல்குட்டைக்கு இன்னும் இரண்டு பாறை இருக்கும்போது தம்பியின் கால் வழுக்கியது. நான் அவன் வலது கையைத்தான் பிடித்திருந்தேன். ஈரக் கை, நழுவிவிட்டது. ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே, இடது கையை மடக்கியபடி விழுந்தான். அம்மா பையைப் போட்டுவிட்டு அலறினாள். குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நைனா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். யாரோ போய் அவர் தோளைத் தட்டிக் கையைக் காட்டினார்கள்.

ஊத்துக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் தம்பி அம்மா மடியில் கிடந்தான். துண்டால் கட்டிய கை வீங்கிக்கொண்டே வந்தது. காதில் அந்த மஞ்சள் துண்டு இன்னும் இருந்தது. அம்மா என்னைப் பார்த்து, "நான் இன்னா சொன்னேன்? எதுக்குடி மேல இட்டுகினு போன?" என்று பல்லைக் கடித்தாள்.

நான் தயாராகத்தான் இருந்தேன். "நைனாகிட்ட கேட்டுட்டுதான் போனேன். சரின்னாரு."

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். ஆட்டோ சத்தத்துக்கு மேல் கத்தினாள். "நீயா போவச் சொன்ன? நீயா உட்ட?"

நைனா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை ஒரு நொடியில் முடியவில்லை. நான் குனிந்து என் செருப்பு வாரைச் சரி செய்தேன்.

"ஆமா. நான்தான் போவச் சொன்னேன்" என்றார்.

"இன்னா மனுசன்யா நீ" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சுற்றுலா என்ற பேச்சை எடுக்கவில்லை.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைக் காப்பாற்றச் சொல்லியிருக்கலாம். காது கேட்காதது தெரிந்தால் பிரஸ்ஸில் நிற்க விடமாட்டார்கள், வேலை போய்விடும் என்ற பயத்தில், 'எனக்குக் கேக்கல' என்று சொல்வதற்குப் பழியே மேல் என்று நினைத்திருக்கலாம். எனக்கு உறுத்தல் அதிகமாகும்போதெல்லாம் இந்த இரண்டாவது காரணத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். அவருக்கும் ஒரு ரகசியம் இருந்தது, அவரும்தான் மறைத்தார் என்று. நல்ல சாமர்த்தியம். வெட்கமாக இருக்கிறது.

திருவள்ளூரில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தும் கை முழுசாக நேராகவில்லை. தம்பிக்கு போலீஸ் வேலை மேல் ஆசை. தினமும் காலையில் எஸ்டேட் ரோட்டில் ஓடுவான், கயிறு ஏறிப் பழகினான். உடல் தகுதி பார்க்கும் இடத்தில் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லியிருக்கிறார்கள். தேர்வாகாமல் வீட்டுக்கு வந்து, தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். பேசியது அம்மாதான். "அன்னிக்கி நீ உட்டதாலதானே" என்று நைனாவுக்கு எதிரே நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். நைனா தலையாட்டினார். நான் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவையாக அங்கேயும் சும்மாவே இருந்தேன்.

மூன்றாவது தடவை, காது டாக்டரின் அறையில். நான் அப்போது காலேஜ் முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கம்பெனிக்குள் பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்காமல் நைனா நடக்க, யாரோ சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அதோடு விஷயம் வெளியே வந்தது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, இது பல வருஷமாக இருந்திருக்க வேண்டும், முன்னாலேயே கவனித்து அந்தச் சத்தத்திலிருந்து விலக்கியிருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது என்றார். எப்போதிருந்து என்று கேட்டார்.

"தெரியலயே சார். இப்பத்தான் எங்களுக்கே தெரியும்" என்றாள் அம்மா. என்னைப் பார்த்து, "இல்லடி?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

இப்போது எனக்குத் திருநின்றவூரில் குடித்தனம். தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். தம்பி கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறான். போன வருஷம் நைனாவுக்கு அவன்தான் காது மிஷின் வாங்கிக் கொடுத்தான். அதைப் போட்டால் மின்விசிறி கூடப் பெரிதாகக் கத்துகிறதாம். நைனா அதை டப்பாவில் வைத்து, டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார். வேண்டியவர்கள் பேசும்போது மட்டும் எடுத்து மாட்டிக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லியே தீர்வது என்று காக்களூருக்குப் போனேன். என் பெண்ணுக்கு எட்டு வயது, அன்று தம்பிக்கு இருந்த அதே வயது. லீவில் அவள் அருவிக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்ததிலிருந்து எனக்கு ராத்தூக்கம் சரியில்லை. நைனா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே, "இரு, மாட்டிக்கிறேன்" என்று டப்பாவை எடுத்தார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வாணாம் நைனா. சும்மாதான்" என்று கையாட்டிக் காட்டினேன்.

அவர் டப்பாவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்தேன். "அன்னிக்கி நான் கேட்டது உனக்குக் கேக்கலன்னு எனக்குத் தெரியும் நைனா. தெரிஞ்சிதான் மெதுவா கேட்டேன். தப்பு என்னுது. என்ன மன்னிச்சிடு."

திரும்பினேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார்.

"சரிம்மா" என்றார்.

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த அம்மா என் கண்ணைப் பார்த்துவிட்டாள். அவர் காதருகே குனிந்து, சத்தமாக, "இன்னா சொல்லிகினு இருக்குது உன் பொண்ணு?" என்று கேட்டாள்.

நைனா டப்பாவை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"தெர்ல. இன்னாமோ கேட்டுச்சி. சரின்னுட்டேன்."