கோழி பறந்த வழக்கு

அப்போது நான் சிங்கப்பூர்க் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். ஜாலான் புசார் பக்கத்துக் குதிரைப் பந்தயத் திடலில் ஒரு துரையின் ஆகாய விமானம் வேலியில் மோதி நொறுங்கிவிட்டது. தரையில் ஓடும்போது உடைந்திருந்தால்தான் இன்சூரன்ஸ் பணம். பறக்கும்போது உடைந்திருந்தால் கிடையாது.

நேரில் பார்த்தவர், குதிரைகளுக்குப் புல் போடும் காதர் பாய் ஒருவர்தான்.

"வண்டி பறந்துச்சா பாய்?" என்று கேட்டேன்.

"பறந்துச்சுங்க. கோழி பறக்குமே, அந்த மாதிரி."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

"பறந்திருக்கிறது!" என்று இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார்.

"கோழி எங்கே பறக்கும்?" என்று துரையின் வக்கீல் கத்தினார்.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "உங்கள் பாஷையில் கோழி பறக்குமா, பறக்காதா?"

பறக்கும் என்றுதான் பிறந்ததிலிருந்து சொல்லி வருகிறேன். ஆனால் வானத்தில் ஒரு கோழியையும் பார்த்ததில்லை. பாயிடமே கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீங்க கோழி வளர்த்ததே இல்லையா?"

பிறகு இரு தரப்பாரும் வெளியே பேசி வழக்கை முடித்துக்கொண்டார்கள். எனக்குத்தான் இன்னும் முடியவில்லை. நேற்று கொல்லையிலிருந்து என் மனைவி கத்தினாள்.

"என்னங்க, கோழி வேலி தாண்டிப் பறந்துடுச்சு, ஓடி வாங்க!"

நான் ஓடாமல் நின்று கேட்டேன். "பறந்துச்சா, குதிச்சுச்சா?"