ரயில்வே கேட் போய்ட்டாரு

மகள் கவியின் கழுத்துப் பட்டையைத் துவைத்து பால்கனியில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து குரல் செய்தி வந்தது. மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை அவனுக்கு. பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"ஏய், விஷயம் தெரியுமா? நம்ம ரயில்வே கேட் போய்ட்டாரு. ஹார்ட் அட்டாக்காம்."

வேறு யாராவது கேட்டிருந்தால் லெவல் கிராசிங்குக்கு எப்படி நெஞ்சுவலி வரும் என்று குழம்பியிருப்பார்கள். அவர் ஓர் அமெரிக்க மல்யுத்த வீரர். டிவியில் வருபவர். ஓடிவரும் எதிராளியின் கழுத்துக்கு நேராகக் கையைக் குறுக்கே நீட்டுவார். வந்தவன் மோதி மல்லாக்க விழுவான். தாம்பரம் கேட்டில் சைக்கிளோடு நின்று நின்று சலித்த எங்களுக்கு வேறு பெயர் தோன்றவில்லை. அவருடைய சொந்தப் பெயரை அறிவிப்பாளர் சொல்லும் வேகத்தில் எங்களால் பிடிக்கவும் முடியவில்லை.

எங்கள் தெருவில் முதலில் கேபிள் வந்தது சாதிக் மாமா வீட்டுக்கு. தோல் வியாபாரம் செய்தார். அவர் வீட்டு முன்னறையில் எப்போதும் புதுச் செருப்பின் வாசனை இருக்கும். இன்றைக்கும் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் என் காதில் அந்த அமெரிக்கக் கூட்டம் கத்தும். மாமா நாற்காலியில் சாய்ந்துகொண்டு எங்களைச் சீண்டுவார்.

"எல்லாம் டூப்பு பா. முன்னாடியே பேசி வெச்சிகினு அடிச்சிக்கிறானுங்க."

"அப்ப ஏன் மாமா நீங்க பாக்குறீங்க?" என்பான் அண்ணன்.

"நானா? நியூஸ் வரும்னு ஒக்காந்துகினு கீறேன்."

நிகழ்ச்சி முடிந்த கையோடு மணலுக்கு ஓடுவோம். ராஜகீழ்ப்பாக்கம் அப்போதுதான் ஊராகிக்கொண்டிருந்தது. பாதி மனைகளில் வீடு எழும்பிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றின் முன்னாலும் ஆற்று மணல் குவிந்திருக்கும். அதுதான் எங்கள் களம். நான் நடுவர். பெண் என்பதால் கிடைத்த பதவி அது. மணலில் படுத்து, உள்ளங்கையால் அடித்து, ஒன்று இரண்டு மூன்று எண்ண வேண்டும். அண்ணன் தோற்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக எண்ணுவேன். கட்டட வேலைக்குக் காவலிருந்த அம்மாள் கம்போடு வருவாள்.

"இன்னாடா இது? வூடு கட்ட கொட்டி வெச்சா குஸ்தி போட்டுகினு கீறீங்க! பொம்பளப் புள்ள வேற!"

ஒருநாள் அண்ணன் நீட்டிய கையில் மோதிய சுரேஷ் குவியலைத் தாண்டிப் போய்ச் செங்கல் பக்கமாக விழுந்தான். அசையவில்லை. எண்ணுவதற்குத் தூக்கிய கை எனக்கு அப்படியே நின்றுவிட்டது. பிறகு வாயிலிருந்து மணலைத் துப்பியபடி எழுந்தான்: "போங்கு! நான் ஒத்துக்க மாட்டேன்." அவ்வளவுதான். எந்த வீட்டுக்கும் தெரியாது. இரவு அம்மா என் பாவாடையை உதறி, "எங்கிருந்துதான் இவ்ளோ மணலு வருதோ" என்று அலுத்துக்கொண்டதோடு சரி.

அண்ணன் அனுப்பிய இணைப்பில்தான் அவர் வாழ்க்கையை முதன்முறையாக முழுதாகப் படித்தேன். ஏதோ விவசாய ஊர். இறைச்சிக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். சின்ன ஊர் மண்டபங்களில் சண்டை போட்டுவிட்டு காரிலேயே தூங்கி அடுத்த ஊருக்குப் போனவர். டிவியில் நாங்கள் பார்த்தது அந்த நீண்ட வாழ்க்கையில் கொஞ்சம்தான். சாதிக் மாமா சொன்னது பாதி உண்மை. பேசி வைத்துக்கொண்டுதான் விழுந்தார்கள். ஆனால் விழுந்தது நிஜமான தரையில். தூக்குகிறவன் கையில்தான் தூக்கப்படுகிறவனின் கழுத்து இருக்கும். ஒருமுறை ஒரு புதுப் பையனின் பிடி நழுவி, இவருடைய கழுத்து எலும்பு உடைந்தது. தேறியதும் இவர் முதலில் கேட்டது, அதே பையனோடு ஒரு போட்டி. "நான் வராவிட்டால் அவன் இனி யாரையும் தூக்க மாட்டான்" என்றாராம்.

அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். உங்களிடம் இன்னும் சொல்லவில்லை, கவியும் மல்யுத்தம் பழகுகிறவள். போன மாதம் செம்பாக்கத்தில் பயிற்சியின்போது, கூடப் பழகும் ஜெனி தூக்கிப் போட்டதில் பிடி நழுவி, கழுத்து மடங்க விழுந்தாள். சில நிமிடங்கள் அவளால் கையை அசைக்க முடியவில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை, பட்டையைக் கழற்றிவிட்டுப் பயிற்சிக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரமாகிறது. நான்தான் பரீட்சை, வெயில், ஜலதோஷம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் போன் அடித்தால், எடுக்கும் முன் கோச்சின் நம்பரா என்று பார்க்கிறேன்.

கவி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். "ஜெனி வர்றதே இல்லமா. கோச் சார் கூப்ட்டும் வரல. நான் போனாத்தான் அவளும் வருவா."

"அவ வராததுக்கு நீ ஏன்டி போகணும்?" என்று அப்போது கேட்டவள் நான்.

படித்து முடித்த அன்று மாலை, கவியைப் பயிற்சிக்குக் கூட்டிப்போக ஸ்கூட்டரை எடுத்தேன். வழியில் ஜெனி வீட்டு வாசலில் நிறுத்தினோம். வெளியே வந்த அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாரி ஆன்ட்டி" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கவி முந்திக்கொண்டாள்: "ஓவரா பண்ணாத. ஏறு பின்னாடி." மூன்று பேராகப் போனோம். போலீஸ் பிடித்திருந்தால் பதில் இல்லை.

பயிற்சிக் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்தேன். ஜெனி கவியின் இடுப்பைப் பிடிப்பாள், என்னைப் பார்ப்பாள், விட்டுவிடுவாள். மூன்று முறை அப்படி. கவி என்னிடம் ஓடிவந்தாள்.

"அம்மா, ப்ளீஸ், நீ வெளிய இரு. நீ பாக்கறதால அவ பயப்படறா."

வெளியே வந்து, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். எதிரே நான்கு மாடிக் குடியிருப்பு. அதையும் அடுத்ததையும் கட்டியபோது கான்கிரீட் கலவையே லாரியில் வந்து இறங்கியது. தெருவில் மணலே கொட்டவில்லை. காலி மனை இல்லை, கம்போடு துரத்த ஆளில்லை. வாயில் மணலோடு எழுந்து 'போங்கு' என்று சண்டைக்கு நிற்க இப்போது எந்தப் பிள்ளைக்கும் இடமில்லை. எங்கே விழுந்தாலும் ஒரு நிமிடத்தில் வீட்டுக்குப் போன் வந்துவிடுகிறது. எங்கள் அம்மாக்கள் எங்களைப் பார்க்காமலேயே வளர்த்தார்கள். எனக்கு அது கைவரவில்லை.

உள்ளே யாரோ விழுந்தார்கள். பெரிய சத்தம். அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. நான் திரும்பவில்லை. ஸ்கூட்டர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு வாட்டி" என்றது கவியின் குரல். "இப்போ நல்லாத் தூக்கு."