லிட்கம் வீட்டில் சொன்ன பொய்

மெல்பேர்ன் கிரெய்கிபர்னில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து கிளம்பி, சிட்னிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். சென்ட்ரலில் ரயில் மாறி, பதினாறு கிலோமீட்டர் மேற்கே லிட்கமில் இறங்கியபோது பகல் இரண்டு மணி. மகளோடு முன்பு வேலை பார்த்த ரிஃப்கா காரோடு காத்திருந்தாள். இலங்கை முஸ்லிம் குடும்பம். இரண்டு நாள் அவர்கள் வீட்டில் தங்கி ஊர் பார்ப்பதாகத் திட்டம். பொய்யை மெல்பேர்னிலேயே தயார் செய்து வைத்திருந்தேன்.

“எனக்கு வயித்துப் புண்ணும்மா. டாக்டர் வெளிச்சாப்பாடு கூடாதுன்னுட்டார். சாப்பாடு கொண்டு வந்திருக்கேன்” என்றேன்.

“ஓம் அன்ரி, அதுக்கென்ன” என்றாள் ரிஃப்கா.

என் வயிற்றில் ஒரு புண்ணும் இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கும். கறி சமைத்த பாத்திரத்தில் சாப்பிட மனம் வரவில்லை, அவ்வளவுதான். அதை முகத்துக்கு நேரே சொல்லத் துணிச்சலும் இல்லை.

மூன்று மணிக்கு, எனக்குத் தந்த அறையின் கதவைச் சாத்திக்கொண்டு புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். ரமலான் மாதம். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத வீடு அது. ரிஃப்காவின் ஒன்பது வயது மகள் அமானிக்கு அன்றுதான் முதல் முழு நோன்பு. புளியோதரை வாசனை கதவிடுக்கு வழியே போகும் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஏழு இருபதுக்கு நோன்பு திறக்கும் நேரம். பாங்குக்குச் சற்று முன், பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரிஃப்கா, அவள் கணவர், அமானி மூவரும் துஆ என்ற வேண்டுதலை முணுமுணுத்தார்கள். அமானி வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

ரிஃப்கா என் முன்னால் ஒரு கிண்ணத்தை வைத்தாள். “கஞ்சி அன்ரி. புதுச் சட்டியில, இறைச்சி போடாமக் காய்ச்சினேன். வயித்துக்கு நல்லது.”

மறுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அமானி, “ஐ மேட் துஆ ஃபார் யுவர் டம்மி, அன்ரி” என்றாள்.

அவள் தகப்பனார் நிஸார் சிரித்தார். “நோன்பு திறக்கிற நேரம் கேக்கிறத அல்லாஹ் தட்ட மாட்டான் எண்டு சொல்லிக் குடுத்திருக்கம். உங்கட வயித்துக்குக் கேட்டிருக்கா.”

குடித்தேன். திருச்சியில் எங்கள் அடுத்த தெருவில் பள்ளிவாசல். ரமலானில் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வரிசை நிற்கும்; நான் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போவேன். ஐம்பத்தெட்டு வயதில் முதல் நோன்புக் கஞ்சி, அதுவும் இல்லாத நோய்க்கு. ருசியாக இருக்கிறது என்று சொல்லக்கூட நாக்கு கூசியது.

மறுநாள் பாலத்தையும் துறைமுகத்தையும் பார்த்தேன். படம் எடுத்ததோடு சரி.

மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு, லிட்கம் ரயில் மேடையில் ரிஃப்காவிடம் உடைத்துச் சொன்னேன். “வயித்துப் புண்ணுன்னு சொன்னது பொய்ம்மா.”

“தெரியும் அன்ரி. நீங்க எங்கட வீட்டுச் சட்டியில சாப்பிட மாட்டீங்க எண்டு உங்கட மகள் முதலே சொன்னா. அதுதான் புதுசு வாங்கினேன்.”

முகத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை. “அமானிகிட்டயும் மன்னிப்புக் கேட்டுடறேன், போனைப் போட்டுக் குடு” என்றேன்.

“வேணாம் அன்ரி.” முதல் முறையாக அவள் குரல் இறுகியது. “முதல் நோன்பு துஆவில சைக்கிள் கேக்கிறதெண்டு ஒரு மாசமாச் சொல்லிட்டு இருந்தா. கடைசியில உங்கட வயித்துக்காகக் கேட்டுட்டா. சுகமாயிட்டு எண்டே சொல்லிட்டுப் போங்க.”

ரயிலுக்கு நான்கு நிமிடம் இருந்தது. போனை வாங்கி, “சுகமாயிடுச்சு கண்ணு” என்று அந்தக் குழந்தையிடம் இரண்டாவது பொய்யையும் சொன்னேன்.