அத்தை மடியில் கட்டிப் போன சாமை

அஸ்தம்பட்டியில் என் மகன் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் போன வாரம்வரை ஒரு சுரைக்குடுக்கை இருந்தது. காய்ந்து கறுத்து, கழுத்தில் கயிறு கட்டிய பழைய குடுக்கை. வெள்ளையடிக்கும் போதெல்லாம் என் மருமகள் அதைக் கீழே இறக்கித் துடைத்து, "இத என்னுங்க மாமா பண்றது?" என்று கேட்பாள். "இருந்த எடத்துலயே வெச்சுரு சாமி" என்பேன். எவர்சில்வர் டப்பாக்களுக்கு நடுவில் அது கல்யாண வீட்டுக்குக் கோவணத்தோடு வந்த பெரியவர் மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளே இருப்பது சாமை விதை. கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கிற சாமைதான். ஆனால் அந்தக் குடுக்கை மட்டும் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. கேள்வி கேட்கிற மருமகளும் வந்திருக்க மாட்டாள்.

எங்கள் கூட்டத்தின் குலசாமிக்குச் சாமைப் பொங்கல்தான் படைக்க வேண்டும். அதில் உப்பும் கிடையாது, வெல்லமும் கிடையாது. எங்கள் முன்னோர் ஏதோ ஒரு பஞ்சத்தில் காவேரியைக் கடந்து வந்தபோது கையில் சாமையைத் தவிர வேறொன்றும் இல்லையாம். ஆற்றுத் தண்ணீரில் வெறுமனே வேகவைத்துச் சாமிக்கு வைத்துவிட்டுத் தின்றார்களாம். அவர்கள் பசியில் தின்றதை நாங்கள் பக்தியில் தின்றோம். அந்தச் சாமையும் சந்தையில் வாங்கியதாக இருக்கக் கூடாது. கூட்டத்தின் மூத்த வீட்டில் வழிவழியாக எடுத்துவைத்த விதையில், சொந்தக் காட்டில் விளைந்ததாக இருக்க வேண்டும். மூத்த வீடு எங்களுடையது. அந்தப் பொங்கல் வைக்காமல் வீட்டில் எந்த நல்ல காரியமும் தொடங்கக் கூடாது. பொங்கலைத் தின்னவும் பங்காளி வீட்டு ஆண்களுக்கும், கட்டி வந்த பெண்களுக்கும், கல்யாணமாகாத பிள்ளைகளுக்கும்தான் பாத்தியம். கட்டிக்கொடுத்த பெண் வேறு சாமிக்குப் போனவள். அவள் திருவிழாவுக்கு வரலாம், பானையைப் பார்த்துக் கும்பிடலாம், கை நீட்டக் கூடாது. இதெல்லாம் யார் போட்ட சட்டம் என்று எங்கள் அப்பாவை, அய்யனைக் கேட்டால், "போட்டவங்க இப்ப இல்லை, போ" என்பார்.

மேட்டூரில் அணை கட்டினார்கள். எங்கள் ஊர் தண்ணீருக்குள் போகும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் தண்ணீர் வருகிறவரை யாரும் முழுசாக நம்பவில்லை. பங்காளிகள் ஆளுக்கொரு திக்காகப் பிரிந்தார்கள். நாங்கள் குலசாமிக் கல்லையும் விதைச் சாமையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மேட்டுக்காட்டுக்கு வந்து சேர்ந்தோம். வந்த புதிதில் மழை எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. முதல் வருசம் போட்டது முளைத்துக் கருகியது. மீதி விதையை அடுத்த ஆடிக்கென்று அய்யன் மொடாப் பானையில் போட்டு வாயை மண் பூசி அடைத்துவைத்தார். அந்த ஆடியும் காய்ந்தது. அய்யன் வண்டி ஓட்டப் போய் வெளியூரில் இருந்த நாட்களில் வீட்டில் கம்பும் தீர்ந்தது, ராகியும் தீர்ந்தது. என் தம்பி காய்ச்சலில் கிடந்து எழுந்து, சோறு சோறு என்று அனத்திக்கொண்டிருந்தான். அம்மா மொடாவின் வாயை உடைத்தாள். விதையைக் குத்திப் புடைத்துப் பொங்கினாள், கல் உப்பும் போட்டாள். நாங்கள் தின்றோம். பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

அய்யன் வந்ததும் அம்மாவே சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. "வெளிய மூச்சு உட்ராத" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அவர் நாலு வார்த்தை கத்தியிருந்தால் அம்மாவுக்கு ஆறியிருக்கும். அதன்பிறகு மழையும் வந்தது, கம்பும் விளைந்தது, மாடு கன்று பெருகியது. ஆனால் அம்மா சந்தைச் சாமையைக்கூட வீட்டுக்குள் விடவில்லை. நோம்பிக்கு நோம்பி அய்யன் சாமிக் கல்லின் முன் தேங்காய் பழம் மட்டும் வைத்துவிட்டு, "பொங்கல் வர்ற வருசம்" என்று பங்காளிகளுக்குச் சொல்லியனுப்புவார். வருசங்கள் வந்தன, பொங்கல் வரவில்லை. எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றார்கள்: "சாமிக்குப் பொங்கல் வெச்சாச்சுங்களா?" அய்யன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆகட்டும், பாக்கலாமுங்க" என்பார். வந்தவர்கள் மோரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். என் வயதுக்காரர்கள் பிள்ளைகளுக்குக் காது குத்திக்கொண்டிருந்தார்கள். நான் அந்த விருந்துகளில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்கும் போதெல்லாம் அம்மாவின் முகம் சுருங்கும். இந்த வீட்டு வம்சத்தையே ஒரு வேளைச் சோற்றுக்கு ஆக்கிப்போட்டு முடித்துவிட்டோம் என்று அவள் நம்பிவிட்டாள்.

அத்தை, அய்யனின் ஒரே தங்கை. வாழப்பாடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. குள்ளமாக, வேகமாக நடப்பாள்; பேச்சில் பாதி எங்கள் பக்கம், பாதி கிழக்கத்திப் பேச்சு. அய்யனிடம் மட்டும் எல்லாத் துடுக்கும் அடங்கிவிடும். அண்ணன் கிழக்கே பார்த்து நின்றால் இவள் மேற்கே போவாள், அவ்வளவு பயம். அவள் ஒரு தையில் கரும்பும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு வந்தவள், நான் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏஞ்சாமி, நீ இப்பிடியே சன்னியாசம் போறதா உத்தேசமா?" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். அவள் விடவில்லை, நேரே அடுப்படிக்குப் போனாள். "நங்கை, ஏன் இந்தப் பையனுக்கு ஒண்ணும் கூடி வர்லீங்க?" என்று அம்மாவைக் கேட்டாள். அத்தனை வருசம் மூச்சு விடாமல் வைத்திருந்த அம்மா, சுளகைக் கீழே போட்டுவிட்டு உடைந்து அழுதாள். மொடாவைத் திறந்தது, குத்தியது, உப்புப் போட்டது எல்லாவற்றையும் சொன்னாள். "நான் ஆக்கிப் போட்டுட்டன் அம்மிணி, சாமி சோத்த நான் ஆக்கிப் போட்டுட்டன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அத்தை ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளுத்த முகத்தோடு எழுந்து நின்றாள். பகல் சோறுகூடத் தின்னாமல், "நான் ஊருக்குப் போயிட்டு வாரனுங்க" என்று கிளம்பிவிட்டாள். பிறந்த வீட்டுச் சாமிக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற கோபம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். இனி வாழப்பாடி முழுக்கத் தெரிந்துவிடும், பங்காளிகள் வந்து வாசலில் நிற்பார்கள் என்று அம்மா அரண்டுபோனாள். அந்த வாரம் முழுவதும் வெளியில் வண்டிச் சத்தம் கேட்டாலே அவள் கையில் இருப்பது நழுவும்.

வண்டி வந்தது. இறங்கியது அத்தைதான். இடுப்பில் பிள்ளையை வைப்பதுபோல் ஒரு சுரைக்குடுக்கையை அணைத்துக்கொண்டிருந்தாள். அய்யன் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைக்கு வடம் முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் குடுக்கையை வைத்துவிட்டு எட்ட நின்றுகொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. நான் திருடிப்போட்டனுங்க."

"என்ன அம்மிணி இது?"

"நம்ம ஊட்டுச் சாமையுங்க. ஊரு தண்ணிக்குள்ள போற வருசம் கடைசி நோம்பிக்கு வந்தப்ப, ஒரு பிடி அள்ளி மடியில கட்டிட்டுப் போயிட்டனுங்க. கேட்டாக் குடுக்க மாட்டீங்கன்னுதான் கேக்கலீங்க."

அய்யனின் கை வடத்தில் அப்படியே நின்றது. அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, சந்தேகம். வேறு சாமி தொட்ட தானியம் எங்கள் சாமிக்கு ஆகாது. "அங்கத்த சாமிக்கு இதுல பொங்கல் வெச்சியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"ஊட்டுல ஆக்கினீங்களா?"

"கடலைக்காட்டு வரப்போரம் வருசா வருசம் வெதச்சனுங்க. அறுத்துக் குடுக்கைல போட்டுக்குவன், மறு வருசம் அதையே வெதப்பன். கிளிக்கு வெள்ளாம வெக்கறான்னு உங்க மாப்ள சிரிப்பாரு. ஒரு மணி ஒலைல போட்டதில்லீங்க. பொறந்த ஊட்டுச் சாமி சோத்துல எனக்குத்தான் பாத்தியம் இல்லியே. சும்மா கண்ணால பாக்கறதுக்கு வெச்சிருந்தனுங்க." அதற்குள் அவளுக்கே எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. "உங்க கல்யாணத்துல இணைச்சீருக்கு உங்க பக்கத்துல நின்னவதானுங்களே நானு? அவளுக்கு ஒரு பிடி சாமை சேராதுங்களா?" என்றாள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் பக்கத்தில் அவன் தங்கையை நிறுத்தி ஒரு சீர் செய்வார்கள். பெண் வருவதற்கு முன்னால் அங்கே நிற்பவள் அவள்தான். அய்யன் அதை மறந்திருக்க முடியாது. அவர் தோள் துண்டை எடுத்தார். சாமிக்கு முன்னால் தவிர அவர் துண்டை எடுத்து நான் பார்த்ததில்லை. அதைத் தரையில் விரித்து, குடுக்கையை இரண்டு கையாலும் தூக்கி அதன்மேல் வைத்தார். "இதத் திருட்டுன்னு ஆரு சொன்னது?" என்றார். கதவோரம் நின்ற அம்மா அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். அன்று அந்த வாசலில் எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆடியில் நல்ல மழை. விதைப்பு அன்று அய்யன் கூடையை எடுத்துக்கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினார். அம்மா பின்வாங்கினாள், தான் தொடக் கூடாது என்றாள். "நீ போட்டாத்தான் மொளைக்கும். போடு" என்றார் அய்யன். மொடாவைப் பற்றி அத்தனை வருசத்தில் அவர் பேசிய பேச்சு அவ்வளவுதான். அம்மாவுக்கு அது போதும். அவள் விதைத்தாள். சாமை முளைத்துவிட்டதா என்று நான் பார்த்த மாதிரி எந்தக் குடியானவனும் பார்த்திருக்க மாட்டான். கல்யாணம் ஆக வேண்டியவன் நான் அல்லவா.

அடுத்த தையில் பொங்கல் வைத்தோம். பங்காளிகள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். பானை பொங்கி, படைத்து, முதல் இலை போட்டதும் வழக்கப்படி மூத்த பங்காளி முன்னால் வந்தார். அய்யன் அவரைத் தாண்டிப் பார்த்து, "அம்மிணி, வா" என்றார். அத்தை கூட்டத்துக்குப் பின்னால் வேம்படியில், கை நீட்டக் கூடாதவர்கள் நிற்கிற இடத்தில் நின்றிருந்தாள். மூத்த பங்காளி ஒருமுறை செருமினார்; அய்யன் திரும்பிப் பார்த்ததும் செருமலும் நின்றது. அத்தை வந்து கை நீட்டினாள். கல்யாணமாகிப் போன பிறகு முதல்முறையாக வாயில் போட்டாள். கண்ணீர் பாட்டுக்கு ஓடுகிறது, வாய் சிரிக்கிறது. "இன்னம் உப்பே இல்லீங்கண்ணா" என்றாள். அந்தக் கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு அவள் தன் இலையிலிருந்து ஒரு கவளம் உருட்டி, ஒதுங்கி நின்ற அம்மாவின் வாயில் ஊட்டினாள். அம்மா மென்று விழுங்குகிறவரை அங்கேயே நின்றாள். "சாமி சோத்தச் சாமி புள்ளைங்கதானுங்க தின்னுச்சு. போங்க நங்கை" என்றாள்.

அந்த வைகாசியிலேயே எனக்குக் கல்யாணம் ஆனது. விதைப்பு முடிந்ததும் வெறுங்குடுக்கையை அத்தை திரும்பக் கொண்டுபோயிருந்தாள்; அவள் காலமான பிறகு அவள் பிள்ளைகள் அதை எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து விதை பழைய மொடாவில் இல்லை, இதில்தான். இன்றும் ஊர்க் காட்டில் ஒரு மூலையில் சாமை விதைக்கிறோம், பொங்கல் வைக்கிறோம், உப்பில்லாமல்தான் தின்கிறோம். என் பேரப்பிள்ளைகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தின்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, நாங்களும் அப்படித்தான் தின்றோம்.

போன வாரம் என் பேத்தியை நாமக்கல்லுக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பினோம். கார் ஏறுவதற்கு முன்னால் அவள் சமையலறைக்கு ஓடி, முக்காலி போட்டு ஏறிக் குடுக்கையை இறக்கினாள். எல்லோரும் பார்க்கத்தான். "தாத்தா, இது எனக்கு" என்றாள். விதையில் பாதியை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி எங்களுக்கு வைத்துவிட்டு, மீதியோடு குடுக்கையை எடுத்துக்கொண்டாள். மடியில் ஒளித்துக் கட்டவில்லை. மாப்பிள்ளை கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். அவரும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்.

அலமாரியின் மேல்தட்டில் குடுக்கை இருந்த இடம் வட்டமாக வெறுமனே இருக்கிறது. அங்கே எதை வைக்கட்டும் என்று மருமகள் நேற்றுக் கேட்டாள். ஒன்றும் வைக்க வேண்டாம் என்று சொன்னேன்.