ஆறாம் கட்டில் பூச்சியங்கள்

நீலக் கோடு போட்ட அந்தத் தாளில், ஆறாம் கட்டிலுக்கு நேரே மூன்று பூச்சியங்கள் இருந்தன. மூன்றும் என் கையெழுத்து. அழகாக வேறு போட்டிருந்தேன்.

யுத்தத்தின் கடைசி வருடங்கள். கொட்டாஞ்சேனையில், வீட்டிலும் இங்கிலீஷ் கதைத்தே வளர்ந்த நான், கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றின் மயக்கமருந்துப் பிரிவில் புது டொக்டர். எங்கள் பெரிய டொக்டர் ஓர் ஒப்பீடு செய்துகொண்டிருந்தார். வயிற்று ஒபரேஷன் முடிந்ததும் நரம்புகளை மரக்கச்செய்யும் ஊசியைச் சிலருக்கு வயிற்றின் நடுத்தசையின் உறைக்குள் போடுவார். சிலருக்கு விலாவுக்குக் கீழே, பக்கத்தசைகளின் அடுக்குக்குள். எது கூடநேரம் வலியைத் தடுக்கிறது என்பதுதான் கேள்வி. பூச்சியத்திலிருந்து பத்துவரை வலியைக் கேட்டுக் குறிப்பது என் வேலை. பூச்சியம் போட்டால் வலிமருந்தான பெதடின் கிடையாது.

ஆறாம் கட்டிலில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் தங்கையோடு இருந்த ஓர் அக்கா. முதல்நாள் ஒபரேஷன் முடிந்து, பக்கத்தசையில் ஊசி போட்டவர். வார்டில் தமிழ் சத்தமாகக் கேட்டால் தலைகள் திரும்பும் காலம் அது. பயந்தாங்கொள்ளி நான், காலையில் இங்கிலீஷிலேயே "எனி பெய்ன்?" என்று கேட்டேன். "நோ, டொக்டர்" என்றார். அப்பாடா என்றிருந்தது. சிரித்துவிட்டு நகர்ந்தேன். பத்து மணிக்கும் அதே பதில், மத்தியானமும் அதே பதில். நெற்றி வியர்த்திருந்தது, வெக்கை என்று நினைத்தேன்.

பின்னேரம் பார்க்க வந்த தங்கை, தாதியிடம் சிங்களத்தில் தடுமாறிவிட்டு, என் சட்டையில் குத்தியிருந்த தமிழ்ப் பெயரை வாசித்ததும் தமிழில் பிடித்துக்கொண்டார். "அக்காவுக்குக் காலமையிலயிருந்து சரியான நோ. நீங்கள் கேட்ட நேரமெல்லாம் நோ எண்டு சொன்னவா. ஒண்டும் குடுக்கேல்லையாம். ஏன் டொக்டர்?"

கடவுளே! வயிற்றுநோ, தலைநோ என்று நானும் கேட்டுத்தானே வளர்ந்தேன்? அவர் வலி என்று சொல்ல, நான் இல்லை என்று எழுதியிருக்கிறேன். ஓடிப்போய்ப் பெதடின் போடவைத்தேன். வெட்கத்தில் தாதியின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

பெரிய டொக்டரிடம் சொன்னபோது அவர் ஏசவில்லை. "அப்ப மற்றப் பூச்சியங்கள்?" என்று மட்டும் இங்கிலீஷில் கேட்டார். வீட்டுக்குப் போய்விட்ட தமிழ் நோயாளிகளில் எத்தனை பேர் நோ என்றார்கள், எத்தனை பேர் நோ என்றார்கள்? இன்று ஸ்கான் திரையைப் பார்த்து அதே ஊசிகளைப் போடுகிறேன், "நோகுதா?" என்று சத்தமாகவே கேட்கிறேன். ஆனால் அந்த ஒப்பீட்டில் எந்த ஊசி வென்றது என்று யாராவது கேட்டால் இன்னும் குழம்பித்தான் போகிறேன்.

பெதடின் ஏறிய பிறகு அந்த அக்காவிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத் தமிழில் வாய் வரவில்லை. "ஏன் அக்கா, ஒரு சத்தமாவது போட்டிருக்கலாமே?" என்று அவரையே குற்றம் சொல்வதுபோலக் கேட்டுவிட்டேன்.

"நோ எண்டு சொல்லச் சொல்ல நீங்கள் சந்தோசமாச் சிரிச்சீங்கள்," என்றார். "நோகுறது நல்லதாக்கும் எண்டு நினைச்சுப் பேசாமக் கிடந்தனான்."