பாய்லருக்குள் படிந்த உப்பு

ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன்; கவலைப்படுவதை மட்டும் இன்றுவரை விடவில்லை. வாடிக்கையாக வரும் கண்டக்டர் ஒருவர், ஆபரேஷனில் எடுத்த சிறுநீரகக் கல்லைச் சின்ன டப்பாவில் கொண்டுவந்து வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பழுப்பு வெள்ளை. எங்கேயோ பார்த்த நிறம். பாய்லர் மூடியைத் திறந்தால் அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஊர் உப்புத்தண்ணீர் கொதித்துக் கொதித்து, உட்சுவர் முழுக்க முட்டையோடுபோல் காரை படிந்திருந்தது.

செம்புப் பாய்லருக்கே இந்தக் கதியென்றால், அதே தண்ணீரைக் குடிக்கிற ஊர்க்காரர்கள் குண்டிக்காய்க்கு, சிறுநீரகத்துக்கு? அன்றே என் இடுப்பும் வலிக்கத் தொடங்கியது.

அந்தப் பாய்லர் கம்பம் ஊர்க்காரரான என் மாமனார் கல்யாணச் சீராகக் கொடுத்தது. எந்தச் சண்டை வந்தாலும் என் மனைவி கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுதான்: அவள் அப்பா புத்தம் புதிதாக வாங்கிக் கொடுத்தது, அதை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன்.

கடை விடுமுறை நாளில் புளியும் எலுமிச்சையும் கரைத்து ஊற்றி ஊறவைத்தேன். காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. ஊரையே காப்பாற்றிவிட்ட மிதப்பில் மறுநாள் தண்ணீர் நிரப்பினேன். அடியில் ஒழுகி அடுப்பு அணைந்தது.

கண்டக்டர் சும்மா இருப்பாரா. "ஏப்பா, எனக்குக் கல்ல எடுத்தாக, நிம்மதியா ஒண்ணுக்குப் போறேன். நீ பாய்லருக்கு எடுத்துருக்க, அது நிக்காமப் போகுது" என்றார்.

ஓட்டையைத் தேடி நானும் மனைவியும் பாய்லரைக் கவிழ்த்தோம். அடியில் அப்பியிருந்த கரியை அவளே தேங்காய் நாரால் தேய்த்தாள். கரிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய ஒட்டு. அதன் விளிம்பில்தான் கசிவு. பக்கத்தில் பெயர் வெட்டியிருந்தது. கம்பத்தில் இருந்த ஏதோ ஒரு டீக்கடையின் பெயர்.

இத்தனை வருடமும் வெளியே கரியும் உள்ளே உப்பும் சேர்ந்து மாமனார் மானத்தைக் காத்து வந்திருக்கின்றன. எனக்குச் சிரிப்பு முட்டியது. அதைவிடப் பயம் முட்டியது.

அவள் குனிந்து அந்தப் பெயரைப் படித்தாள். பிறகு பாய்லரை நிமிர்த்தச் சொன்னாள். ஈயம் வைக்கிற பட்டறைக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு, நாலு பேரு படிச்சுப் பாக்கவா? நம்ம போர்வெல் உப்புத் தண்ணிய ஊத்திக் கொதிக்க விடுங்க. அணைஞ்சா திரும்பப் பத்தவைங்க. அதுவா அடைச்சுக்கிரும்."

அடைத்துக்கொண்டது. கரியும் பெயர்மேல் ஏறிவிட்டது. சண்டையில் இப்போது சீர் பேச்சு வருவதில்லை.

என் இடுப்பு மட்டும் அவ்வப்போது வலிக்கிறது. டாக்டரிடம் போகவில்லை. அங்கே எந்தக் கல் எந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கிறதோ, யார் கண்டது.