கடைவாயில் கறுப்புக் கோடு

1921 அக்டோபர் 27, வியாழக்கிழமை, காலை ஏழேகால் மணி. தூறல் விட்டிருந்தது, வெயில் வரவில்லை. ஆம்பூரில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி அப்பா என் வாயைப் பிளந்து பார்த்தார். எனக்கு வயது ஏழு.

கீழ்வாயின் இடப்பக்கம் கடைசியாக முளைத்திருந்த பல்லின் மேல்பரப்பில் ஒரு குழி. அதிலிருந்து நாலு பக்கமும் ஓடிய பள்ளங்கள் மை தீட்டியதுபோல் கறுத்திருந்தன. எனக்கு வலி கிடையாது. ஆனால் அப்பா என் தாடையை விடாமல் மறுபடி மறுபடி பார்த்தார். பல்லில் சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டு என் அக்கா இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

“புழு கோடு போட்டுக்கினு போவுது. இவனையும் பறிகுடுக்கச் சொல்றியா?” என்று அம்மாவிடம் கத்தினார்.

சந்தையில் பல் பிடுங்குகிறவர் கோணியில் உட்கார்ந்திருந்தார். எதிரே விரித்த துணியில் யார் யாருடைய பற்களோ. பயத்தில் எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தொன்று வந்தபோது அவர் என் தலையை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டார்.

“இன்னா மேஸ்திரி, பையன் இப்பிடி ஒதறான்? தலையையா எடுக்கப் போறேன்?”

“புழு இருக்குதா பாருப்பா.”

“ஒண்ணா? ஜாஸ்தி இருக்கும்போல.”

குறடு உரசியது மண்டைக்குள் கேட்டது. என் கைகளைப் பிடித்திருந்த அப்பா கண்களை மூடிக்கொண்டார். மூன்றாவது இழுப்பில் பல் வந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, புழு எங்கே என்று கேட்டேன்.

“உன் கூச்சலுக்கு ஓடிப்பூடுச்சு” என்றார் அவர்.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. கடுக்காய்த் தண்ணீரில் ஊறும் தோல் மீது இரும்பு பட்டால் கறுத்துவிடும் என்று, தொட்டியருகே ஓர் ஆணி கிடந்தாலும் ஆட்களைத் திட்டுவார். அதே கடுக்காயைத்தான் அம்மா வீட்டில் இரும்பு உரலில் இடித்துப் பல்பொடி செய்தாள். உரலின் இரும்பு பட்டு அந்தப் பொடியும் கறுத்தது. தேய்த்த கறுப்பு பல்லின் மேட்டில் நிற்காமல், விரல் எட்டாத பள்ளத்தில் தங்கிவிட்டது. கடைவாய்ப் பல்லில் குழியும் பள்ளமும் எல்லாருக்கும் பிறவியிலேயே உண்டு. இதெல்லாம் பள்ளிக்கூடம் போன பிறகு எனக்குப் புரிந்தது. அப்பாவுக்குக் கடைசிவரை தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று எனக்குத் தெரியாதது வேறு. விழுந்த முன்பல் முளைத்ததுபோல் இதுவும் முளைக்கும் என்று, காலையில் எழுந்ததும் நாக்கால் அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பேன். ஆறு வயதில் வரும் கடைவாய்ப்பல் ஒருமுறைதான் வரும்.

ஆன செலவு: பிடுங்கக் கூலி நாலணா, சொத்தையில்லாத பல் ஒன்று.